கந்தோரில் பெயர் சொல்லி அழைப்பதா, ‘சேர்’ என்பதா?

குளக்கட்டு எழுதியது:

வணக்கம் உறவுகளே.

கிளிநொச்சியில் வாழ்வாதாரத் திட்டங்களை நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் கள இணைப்பாளராகச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. எனக்கு 27 வயது. பதவி வேறுபாடின்றி எல்லோரும் ஒருவரையொருவர் முதற்பெயரால் அழைக்க வேண்டும் என்று நிறுவனத்தின் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் பணிப்பாளரும் வெளிநாட்டு ஆலோசகர்களும் அப்படியே அழைக்கிறார்கள். தாங்களும் அப்படி அழைக்கப்படுவதையே விரும்புகிறார்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும் வரை எனக்கும் அதில் இடர்ப்பாடு இல்லை. பேச்சு தமிழுக்குத் திரும்பியதும்தான் நாக்குத் தடுமாறுகிறது.

இரண்டு பேரிடம்தான் எனக்கு இந்தச் சிக்கல். ஒருவர், தரம் எட்டிலும் ஒன்பதிலும் எனக்குக் கணிதம் கற்பித்தவர். ஓய்வுபெற்ற பின்னர் எங்கள் நிறுவனத்தில் பயிற்சியாளராக இருக்கிறார். கந்தோர் ஒழுங்கின்படி என்னிடம் அறிக்கை தர வேண்டியவர். மற்றவர் எங்கள் வாகனச் சாரதி. என் தந்தையின் வயதை ஒத்தவர். ஆசிரியரை நான் ‘சேர்’ என்று அழைத்தபோது பணிப்பாளர் சிரித்துக்கொண்டே திருத்தினார். சாரதியை, என்னிலும் இளையவர்கள் உட்பட எல்லோரும் வெறும் பெயரால் கூப்பிடுகிறார்கள். கையேட்டின்படி அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் அவர்களே கணக்காளரை, பணிப்பாளர் இல்லாத நேரத்தில், ‘சேர்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

சென்ற கிழமை மல்லாவிக்குப் போகும் வழியில், விதியை ஒருமுறை பின்பற்றிப் பார்ப்போம் என்று துணிந்து, முன் ஆசனத்திலிருந்து திரும்பி, ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைத்து, பயிற்சி வகுப்பின் வரவு இடாப்பைக் கேட்டேன். அவர் பையைத் திறந்து இடாப்பை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். அதுவரை என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டவர், அன்று மாலை கந்தோருக்குத் திரும்பி இறங்கும் வரை ‘மேடம்’ என்றே கூப்பிட்டார். கோபித்தாரா, தம் பங்குக்கு விதியைத்தான் பின்பற்றினாரா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. சாரதி பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்ததை மட்டும் கண்டேன்.

இப்படிப்பட்ட இடங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கூட்ட அறிக்கையில் பெயர்களை எப்படி எழுதுவது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலைமரம் எழுதியது:

பிள்ளை, நான் வவுனியாக் கச்சேரியில் (இன்றைய மாவட்டச் செயலகம்) இலிகிதராகத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரச சேவையில் இருந்தவன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

உங்கள் கையேட்டில் உள்ள ‘முதற்பெயர்’ என்ற சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கந்தையாவின் மகன் சிவகுமார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தம் பெயரைக் ‘கந்தையா சிவகுமார்’ என்று எழுதுவார். முதலில் நிற்பது தகப்பனின் பெயர். இதை வாசிக்கும் வெளிநாட்டு ஆலோசகர் நட்போடு முதற்பெயரால் அழைக்க நினைத்துக் ‘கந்தையா’ என்பார். சிவகுமாருக்கோ, இறந்துபோன தகப்பனை யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும். மரியாதையாக அழைப்போம் என்று கடைசிப் பெயரைப் பிடித்து ‘மிஸ்டர் சிவகுமார்’ என்றால், தற்செயலாக ஆளின் சொந்தப் பெயர் வந்துவிடும். அதே மனிதர் கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தகப்பனின் பெயரை நிரப்பியிருந்தால், விமான நிலையத்திலும் வங்கியிலும் ‘மிஸ்டர் கந்தையா’ ஆகிவிடுவார். அன்பாக அழைத்தாலும் தகப்பன், மரியாதையாக அழைத்தாலும் தகப்பன். எங்கள் கந்தோருக்கு வந்த ஒரு திட்ட ஆலோசகர், மாதக் கணக்காக ஓர் உத்தியோகத்தரை அவருடைய தகப்பனின் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தார். திருத்துவது மரியாதைக் குறைவு என்று எண்ணி நாங்கள் அத்தனை பேரும் பேசாமல் இருந்தோம். இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது, தமிழில் மரியாதை பெயரில் மட்டும் தங்கியிருப்பதில்லை. வினைமுற்றின் வாலில் தங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டால் மிகுதி வசனம் எல்லோருக்கும் பொதுவானது. நாங்களோ பெயருக்குப் பிறகு ‘வா’ என்பதா, ‘வாரும்’ என்பதா, ‘வாங்கோ’ என்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் எங்கள் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நடுவில் உள்ள ‘நீர்’ தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் அருகிவிட்டது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது. விளிப்பதற்கென்று விளிமரபு என ஓர் இயலையும் தனியாக ஒதுக்கியிருக்கிறது. ஆகவே, நீங்கள் மல்லாவி வழியில் பெயர் சொல்லி அழைத்த பிறகு ‘இடாப்பைத் தாங்கோ’ என்றீர்களா, ‘தாரும்’ என்றீர்களா என்பதை எழுதாமல் விட்டது, வழக்கின் முக்கிய சான்றை மறைத்ததுபோல் ஆகும்.

பதவிப் பெயர்கள் எங்கள் மண்ணில் எளிதில் சாவதில்லை. விதானையார் எனப்பட்ட கிராமத் தலைமைக்காரர் முறை 1963ஆம் ஆண்டிலேயே நீங்கிக் கிராம சேவையாளர் பதவி வந்துவிட்டது. ஆனாலும் சில மாதங்களுக்கு முன் நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு முதியவர், முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் கிராம அலுவலரை ‘விதானையார் அம்மா’ என்று கூப்பிட்டதை நான் காதால் கேட்டேன். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரதேச செயலாளர் வந்த பின்னரும், ‘ஏ.ஜி.ஏ. ஐயா’வை, அதாவது பழைய உதவி அரசாங்க அதிபரை, தேடி வந்த கமக்காரர்கள் ஏராளம். (இந்த ‘ஐயா’வைப் பற்றி ஒரு துணுக்கு: சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நாங்கள் அச்சத்தோடு ‘ஐயா’ என்றது, எதிரே நின்ற இளைஞனின் காதில் ‘அண்ணை’ என்று விழுந்திருக்கும்.)

ஆசிரியரைத் தொடர்ந்து ‘சேர்’ என்றே அழையுங்கள். அவர் உங்களுக்குச் சேர் ஆனது பதவியால் அல்ல. ஆகவே பதவி மாறியதால் அது கழன்றும் விழாது.

வடகாற்று எழுதியது:

முள்ளியவளையில் பிறந்து, 20 ஆண்டுகளாக ஒஸ்லோவில் வாழ்கிறேன். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே பிள்ளைகள் பாடசாலை அதிபரைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். நோயாளி மருத்துவரையும், தொழிலாளி முதலாளியையும் அப்படியே. நோர்வேஜிய மொழியில் முன்பு மரியாதைக்காக வழங்கிய ‘டீ’ (De) என்ற முன்னிலைச் சொல் அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. அரச குடும்பத்தோடு பேசும்போதுதான் பழைய மரியாதைச் சொற்கள் வெளியே வருகின்றன. பக்கத்து நாடான சுவீடனில் 1967ஆம் ஆண்டு, அரச மருத்துவத் துறையின் தலைமைக்கு வந்த புரூர் ரெக்செட் என்பவர், தாம் ஊழியர் எல்லோரையும் ‘டூ’ என்று ஒருமையிலேயே அழைக்கப்போவதாகவும் தம்மையும் அவ்வாறே அழைக்கலாம் என்றும் அறிவித்தது அந்த மாற்றத்தின் அடையாளமாக இன்றும் பேசப்படுகிறது. அதற்கு முன்னர் சுவீடனில், எதிரே நிற்பவரின் பதவிப் பெயர் தெரியாவிட்டால் வசனத்தையே தொடங்க முடியாத நிலை இருந்ததாம். எங்கள் கச்சேரிகளை நினைத்தால் எனக்கு அது புதுமையாகத் தெரியவில்லை.

ஆனால் அங்கே மேலிருந்தவர் முதலில் இறங்கினார். உங்கள் நிறுவனத்தில் சாரதி பணிப்பாளரைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா? அழைக்காவிட்டால், கையேட்டில் உள்ளது நோர்வேயின் வழக்கம் அல்ல. பழைய துரைமாரின் வழக்கத்துக்குப் புதிய சட்டை.

என் மகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அயல்வீட்டு ஆச்சியிடம் ‘உங்கட பேர் என்ன?’ என்று கேட்டு, பிறகு ஒரு மாதமும் அந்தப் பெயராலேயே கூப்பிட்டாள். ஊர் திகைத்தது. ஆச்சிக்கு மட்டும் பெரிய சந்தோஷம்.

மாரிமழை எழுதியது:

வடகாற்று அண்ணை ‘துரைமார்’ என்ற சொல்லைத் தொட்டதால் நான் எழுத வேண்டியதாயிற்று. என் அம்மப்பா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்தவர். தோட்டத்தில் அவரை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, கங்காணியின் பத்து வயது மகன் உட்பட. அவர் அவர்களில் ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இங்கே வந்து ஒரு கமத்தில் கூலிக்கு நின்றபோதும் அப்படியே நடந்தது. சாதியால் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இதே கதைதான்: கந்தசாமி என்று பேர் வைத்தாலும் ‘கந்தன்’ என்று வெட்டியே கூப்பிடுவார்கள், நரைத்த தலைக்கும் ‘நீ’தான். ஆகவே, வெறும் பெயர் சமத்துவத்தின் அடையாளம் என்று யாராவது சொல்லும்போது, எங்கள் வீட்டுப் பெரியவர்களின் காதில் அது வேறு விதமாகவே விழும். அந்தச் சாரதி அண்ணையின் காதிலும் எப்படி விழுகிறது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

என் அம்மாவின் கதை ஒன்றையும் சொல்கிறேன். அவரைத் திருமணத்தின் பின்னர் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அப்பாவுக்கு அவர் ‘இஞ்சேரும்’. அப்பா அவருக்கு ‘இஞ்சேருங்கோ’. அயலுக்கு மூத்தவனின் அம்மா. அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. 2009இல் செட்டிகுளம் முகாமில் பதிவுக்காக வரிசையில் நின்றபோது, கணவரின் பெயர் என்ன என்று எழுதுபவர் கேட்க, அம்மா என் தோளைத் தொட்டு, ‘நீ சொல்லு’ என்றார். எனக்கு அப்போது 11 வயது. அப்பா அப்போது எங்களோடு இல்லை. நான்தான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு, நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு வைத்தியசாலையின் சிகிச்சைப் பிரிவில், தாதி ஒருவர் அட்டையைப் பார்த்து அம்மாவின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். அம்மா அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டார். முறை தவறியதால் மதியம் வரை காத்திருக்க நேர்ந்தது. ‘காது கேளாதா உனக்கு?’ என்ற ஏச்சும் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அந்தப் பெயரைத் தானே மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். தாதியின் அந்தக் கேள்வி ‘உனக்கு’ என்று முடியாமல் ‘உங்களுக்கு’ என்று முடிந்திருந்தால், கூப்பிட்ட பெயரைப் பற்றி நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

களத்தில் வேலை செய்பவர் என்பதால் இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் இரண்டு பெயர்களோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய பழக்கத்தில் ஒருவரை அவருடைய இயக்கப் பெயரால் சந்தைக்குள் உரக்கக் கூப்பிடுவது அவருக்கு இக்கட்டைத் தரலாம். பயிற்சிக்கு வருபவர்களிடம் ‘உங்களை எப்படிக் கூப்பிட?’ என்று முதல் நாளே கேட்டு, அவர்கள் சொல்வதை மட்டும் இடாப்பில் எழுதுங்கள்.

ஒற்றையடி எழுதியது:

இவ்வளவு குழப்பம் எதற்கு? ‘சேர்’ வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல், ‘மேடம்’ அதன் பெண்பால். தமிழில் அண்ணை, அக்கா, ஐயா, அம்மா என்று உறவுமுறைச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆசிரியரை ‘ஐயா’ என்றும், சாரதியை ‘அண்ணை’ என்றும் அழைத்தால் எல்லாம் முடிந்தது.

உப்பங்காற்று எழுதியது:

ஒற்றையடி, உங்களுக்கு முடிந்திருக்கும். எங்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது. நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். என் மேசைக்கு அடுத்த மேசையில், என்னோடு ஒரே நாளில் நியமனம் பெற்ற, என்னிலும் இரண்டு வயது இளைய ஆண் உத்தியோகத்தர் இருக்கிறார். மனுவோடு உள்ளே வருபவர்கள் அவரைச் ‘சேர்’ என்பார்கள். என்னைத் ‘தங்கச்சி’ என்பார்கள், அல்லது ‘பிள்ளை’ என்பார்கள். சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தங்கச்சி, ‘இந்தப் படிவம் செல்லாது, காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி வேண்டும்’ என்று சொன்னால், அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்ற தோரணையில் கெஞ்சலும் ஏச்சும் தொடங்கும். பக்கத்து மேசைச் சேர் அதையே சொன்னால், எழுந்து பிரதி எடுக்கப் போகிறார்கள்.

உறவுமுறைச் சொல்லுக்குள் வயது இருக்கிறது, வயதுக்குள் அதிகாரம் இருக்கிறது. ஒருவரை அண்ணை என்றதும் நான் தங்கை ஆகிவிடுகிறேன்; தங்கை அண்ணனின் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு போட முடியாது. 40 வயதைத் தாண்டிய பெண்ணை இருபது வயதுப் பையன்கள் ‘அன்ரி’ என்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு இரவு போதாது.

அதற்காக அண்ணையும் அக்காவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பாயில் இருந்து கதைக்கும்போது, ‘அக்கா’ என்ற ஒரு சொல் இல்லாமல் எந்தக் கடன் கணக்கும் வெளியே வராது. அந்தப் பெண்களிடம் போய் ‘திருமதி’ என்று தொடங்கினால், வங்கியிலிருந்து ஆள் வந்துவிட்டார் என்று எழுந்து போய்விடுவார்கள். பாயில் அக்கா, மேசையில் பதவி என்று நான் எனக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறேன். எல்லா நாளும் அது நிற்பதில்லை.

குளக்கட்டு எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. பாலைமரம் ஐயா கேட்டதற்கு விடை: ‘தாங்கோ’ என்றுதான் சொன்னேன். ஆனால் பெயருக்கும் ‘தாங்கோ’வுக்கும் நடுவே ஒரு கணம் இழுபட்டேன், அந்த இழுபாட்டை அவர் கண்டுவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

மாரிமழை அக்கா சொன்னபடி, நேற்றுச் சாரதியிடமே கேட்டேன். இரணைமடு வாய்க்கால் கரையில் தேநீருக்காக நிறுத்தியிருந்தோம். அவர் சிறிது நேரம் பதில் சொல்லாமல், வாகனத்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு, ‘நீங்கள் அண்ணை எண்டு கூப்பிட்டால் நான் தம்பியவையளுக்கும் தங்கச்சியவையளுக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுக்க வேண்டி வரும்; சம்பளம் போதாது’ என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், பேர் சொல்வது தமக்குப் பிரச்சினை இல்லை என்றும், ‘வண்டியை எடு’ என்பதுதான் பிரச்சினை என்றும் சொன்னார். யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஆசிரியரிடம், கூட்டத்தில் ஆங்கிலம் பேசும்போது விதிப்படியும் தமிழில் பேசும்போது ‘சேர்’ என்றும் அழைக்கப்போவதாகச் சொன்னேன். ‘உமக்கு எப்பிடி வசதியோ அப்பிடி’ என்றார். ‘மேடம்’ போய் ‘உமக்கு’ வந்திருக்கிறது. ‘பிள்ளை’ இன்னும் திரும்பவில்லை. பணிப்பாளருக்கும் எழுதியிருக்கிறேன்: ஒன்றில் கணக்காளரும் சாரதியும் ஒரே விதமாக அழைக்கப்பட வேண்டும், அல்லது அந்த வரியைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

கூட்ட அறிக்கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பாலைமரம் எழுதியது:

மறந்துவிட்டேன், மன்னிக்கவும். ‘சமூகமளித்தோர்’ என்ற தலைப்பின் கீழ் எல்லோருக்கும் திரு., திருமதி, செல்வி என்று எழுதுங்கள். சாரதி கூட்டத்தில் இருந்தால் அவருக்கும் அப்படியே. முஸ்லிம் அன்பர்களுக்கு ‘ஜனாப்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. பங்குத்தந்தைக்கு ‘அருட்தந்தை’ என்று எழுத வேண்டும். திருமதியா செல்வியா என்று தெரியாத இடத்தில் ஊகிக்க வேண்டாம், தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பெயரைத் தகப்பனின் முதலெழுத்தோடு எழுதுங்கள், ‘க. சிவகுமார்’ என்றால் எந்த ஆலோசகராலும் கந்தையாவைக் கூப்பிட முடியாது. முன்னால் ‘திரு.’ போட்டுவிட்டுப் பின்னால் ‘அவர்கள்’ என்றும் சேர்ப்பது எங்கள் கச்சேரிப் பழக்கம். இரண்டில் ஒன்று போதும். வரிசையைப் பதவிப்படி எழுதாமல் அகரவரிசையில் எழுதினால், உங்கள் பணிப்பாளர் நடுவில் எங்கேயாவது வருவார். அதை அவர் கவனிக்கிறாரா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.